கடைமடைக் கூரைகளும் கார்த்திகைக் காற்றும்

காவிரிப் படுகையின் கடற்கரை, கொள்ளிட முகத்துவாரத்திலிருந்து தெற்கே நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வழியாக இறங்கிக் கோடியக்கரையில் சட்டென மேற்கே திரும்பி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று பாக் நீரிணையை ஒட்டிச் செல்கிறது. வங்கக் கடலில் உருவாகி மேற்கு நோக்கி நகரும் புயல் இந்தக் கிழக்குக் கரையில் ஏறினால், நாகப்பட்டினம் மாவட்டத்தோடு நின்றுவிடாமல் திருவாரூர் மாவட்டத்தையும் தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்பகுதியையும் ஊடுருவிச் சென்றபிறகே வலுவிழக்கிறது. 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்துக்கு அருகே கரையேறிய புயல், 1955 டிசம்பர் தொடக்கத்தில் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள ராஜாமடத்தைத் தாக்கிய புயல், 1977 நவம்பர் 12 அன்று மீண்டும் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல், 2008 நவம்பர் இறுதியில் வந்த நிஷா, 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா ஆகியவற்றின் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்தப் பெரும் புயல்கள் அனைத்தும் ஐப்பசிக் கடைசிக்கும் கார்த்திகை நடுவுக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே வந்திருப்பது தெரியும். எந்த ஆண்டு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாதபோதும், எந்த மாதத்தில் வரும் என்பது ஏறத்தாழத் தெரிந்த ஓர் ஆபத்துக்கு ஒரு வீட்டின் கூரையை எவ்வாறு தயார்செய்வது என்பதைப் படுகை மக்கள் தெளிவாக அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் புயலில் ஒரு குடும்பம் முதலில் இழப்பது பெரும்பாலும் கூரையைத்தான், கூரை போனபின் சுவரும் நெல்லும் பத்திரங்களும் பிள்ளைகளின் புத்தகங்களும் மழைக்குப் பலியாகின்றன.

கூரையைக் காற்று எவ்வாறு அழிக்கிறது என்பதில் பொதுவாக ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. காற்று கூரையின் மீது மோதி அதை அமுக்கி உடைக்கிறது என்றே பலரும் கருதுகின்றனர். அதனால்தான் புயல் செய்தி வந்ததும் கூரையின் மேல் கற்களையும் பழைய டயர்களையும் ஏற்றிவைப்பது வழக்கமாக இருக்கிறது. உண்மையில், வேகமாக வீசும் காற்று தடுப்புச் சுவரில் மோதி மேலெழும்பிக் கூரையைத் தாண்டிச் செல்லும்போது, கூரைப் பரப்பின் மேல் காற்றின் அழுத்தம் குறைந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் அதைவிடக் கூடுதலாக இருப்பதால், கூரை கீழிருந்து மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. பொறியாளர்கள் இதனை மேலுறிஞ்சு விசை என்று கருதிக் கணக்கிடுகின்றனர். சரிவு குறைந்த தட்டையான சாய்ப்புகளிலும், கூரையின் ஓரங்களிலும், மூலைகளிலும், முகட்டை ஒட்டிய பகுதிகளிலும் இந்த விசை மிகுதியாக இருக்கும்; கூரை பறந்த வீடுகளில் சேதம் பெரும்பாலும் ஒரு மூலையில் தொடங்கி உள்நோக்கிப் பரவியிருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த விசையின் அளவை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கட்டடங்களின் மீதான காற்றுச் சுமைக்கென வெளியிட்டுள்ள ஐ.எஸ். 875 விதித்தொகுப்பின் மூன்றாம் பகுதி, காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, அதன் இருமடியை 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீதான அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும் என்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு இது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமம்; 120 கிலோமீட்டருக்கு 68 கிலோ; 140 கிலோமீட்டருக்கு 90 கிலோவுக்கும் மேல். வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், வானொலியில் சொல்லப்படும் வேகத்தில் 20 கிலோமீட்டர் கூடுவது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும் கூரைக்கு அது பெரிய வேறுபாடு. 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரு தகரக் கூரையின் எடை 100 கிலோ அளவில்தான் இருக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று அதை மேல்நோக்கி இழுக்கும் விசையோ ஒன்றேகால் டன்னை நெருங்கக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையிலான ஒரு டன்னுக்கும் மேற்பட்ட வேறுபாட்டை நான்கு கற்களும் இரண்டு டயர்களும் ஈடுசெய்ய முடியாது என்பது வெளிப்படை. அதைத் தாங்கவேண்டியவை தகரத்தைச் சட்டத்தோடும், சட்டத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் இணைக்கும் கட்டுகளே. இந்தத் தொடரில் எந்த ஒரு கண்ணி வலுவிழந்திருந்தாலும் மற்ற கண்ணிகளின் வலு பயன்படாமல் போகும்.

வீட்டின் திறப்புகளும் இதில் பங்கு வகிக்கின்றன. காற்று வரும் திசையில் உள்ள கதவோ சன்னலோ பிய்த்துக்கொண்டால், காற்று உள்ளே புகுந்து, எதிர்க்காற்றில் பிடித்த குடை உள்ளிருந்து விரிந்து மடங்குவதைப் போலக் கூரையை உள்ளிருந்தும் தள்ளுகிறது. மேலிருந்து இழுப்பதும் கீழிருந்து தள்ளுவதும் ஒன்றுசேரும்போது, அதுவரை தாக்குப்பிடித்த கூரைகூடப் போய்விடுகிறது. ஆகவே கூரையைக் காப்பதில் தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் பங்கு உண்டு. காற்று ஒரே திசையிலிருந்து வருவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மேற்கு நோக்கி நகரும் புயலின் மையம் ஓர் ஊரின் வழியே கடக்குமானால், முதலில் வடக்கிலிருந்து வீசும் காற்று, மையப்பகுதியாகிய புயலின் கண் கடக்கும்போது ஏறத்தாழ அடங்கி, பின்னர் தெற்கிலிருந்து முழு வேகத்தோடு திரும்ப வீசும். வாடைக்காற்று வரும் பக்கத்தை மட்டும் இறுக்கிக் கட்டியவர்களின் கூரை இரண்டாவது வீச்சில் எதிர்ப்பக்கமாகப் போவதும், இடையில் கிடைத்த அமைதியைப் புயல் ஓய்ந்ததாக எண்ணி வெளியே வந்தவர்கள் பறந்துவரும் தகரத்தில் சிக்குவதும் இந்தத் திசைமாற்றத்தின் விளைவுகளே.

படுகையின் கூரைகளில் பழமையானது கீற்றுக் கூரை. தென்னை மட்டையை நடுநரம்போடு இரண்டாகக் கிழித்து, குளத்திலோ வாய்க்காலிலோ சில நாள் ஊறப்போட்டு, ஓலைகளை ஒன்றுக்குள் ஒன்று முடைந்து கீற்றாக்கி, மூங்கில் அல்லது சவுக்குக் கம்புகளாலான சட்டத்தின் மீது இறவாணத்திலிருந்து முகடு நோக்கி வரிசை வரிசையாக அடுக்கிக் கட்டுவது இதன் முறை. இறவாணம் என்பது கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டு தொங்கும் கீழ்விளிம்பு. மழைநீர் மண்சுவரில் படாதிருக்க அது நீண்டிருக்க வேண்டும் என்றாலும், காற்று பிடித்துத் தூக்குவதற்கு முதலில் அகப்படுவதும் அதுவே என்பதால், ஒன்றரை அடிக்கு மேல் நீளாமல் நிறுத்துவது நல்லது. கீற்று எடை குறைந்தது, தலையில் விழுந்தாலும் ஆளைக் கொல்லாதது, காற்றைச் சிறிதளவு ஊடே கசியவிட்டு அழுத்தத்தைத் தணிப்பது. இந்த நற்குணங்கள் இருந்தும் அது புயலில் முதலில் போவதற்குக் காரணம் கட்டும் கயிறும் நடப்பட்ட காலும்தான். நார்க்கயிறு ஓரிரு மழைக்காலத்துக்குள் இற்றுவிடும். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் கயிறு பார்வைக்குப் புதிதாகத் தோன்றினாலும் கைக்குள் முறுக்கினால் பொடியாகும். எனவே கீற்று மாற்றும்போது பழைய கயிற்றின் மேலேயே புதுக்கீற்றைப் போடாமல், கைமரமும் குறுக்குக் கம்பும் சேரும் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுவதும், முகட்டுக் கம்பும் மூலைக் கைமரங்களும் சேரும் இடங்களில் கயிற்றோடு கட்டுக்கம்பியும் சுற்றுவதும் அவசியமாகின்றன.

கீற்றுக் கூரையின் மேல் கட்டும் வலை கடலோரக் குப்பங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். கிழிந்து தொழிலுக்கு உதவாத மீன்வலையைக் கூரை முழுவதும் போர்த்தி, அதன் ஓரங்களைக் கீழே இழுத்துக் கட்டுவதால் கீற்றுகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறப்பது தடுக்கப்படுகிறது. இந்த முறையில் கவனிக்க வேண்டிய நுட்பம், வலையின் கயிறு எங்கே முடிகிறது என்பது. கூரையின் மீது போட்ட கயிற்றை அதே கூரையின் இறவாணக் கம்பில் கட்டினால், கீற்று பறக்காமல் இருக்கலாமே தவிர, கூரை முழுதும் ஒரே துண்டாகத் தூக்கப்படுவதை அது தடுக்காது. கயிறு முகட்டைத் தாண்டி இருபுறமும் இறங்கி, தரையில் ஆழமாக அடிக்கப்பட்ட முளைகளிலோ புதைத்த கல்லிலோ முடியவேண்டும். படுகையின் மண் இதில் ஒரு தனிச் சிக்கலை உண்டாக்குகிறது. கோடையில் பாறைபோல் இறுகும் வண்டல் களிமண், ஐப்பசி அடைமழையில் ஊறியபின் முளையையும் வீட்டுக் காலையும் பிடிக்கும் வலுவை இழந்துவிடும்; புயல் வருவதோ மண் நன்றாக ஊறியபிறகு. ஆகையால் வீட்டுக் கால்களை இரண்டரை அடிக்குக் குறையாமல் புதைப்பதோடு, புதையும் அடிப்பகுதியில் ஒரு குறுக்குக் கட்டையை ஆணியடித்துச் சேர்த்து, அதற்குத் தார் பூசி, செங்கல் சல்லியோடு இறுக்கினால், கால் மேலே உருவப்படும்போது அந்தக் குறுக்குக் கட்டை மண்ணைப் பற்றி நிற்கும். கால்களுக்கிடையே சாய்வாக இரண்டு கம்புகளைப் பெருக்கல் குறி வடிவில் கட்டினால் வீடு ஒருபக்கமாகச் சாய்ந்து மடங்காது.

அடுத்த வகை ஓட்டு வீடு. அக்கிரகாரங்களிலும் பழைய மிராசு வீடுகளிலும் நடுவில் முற்றம் வைத்து நான்கு புறமும் உள்நோக்கியும் வெளிநோக்கியும் சரிந்த நாட்டு ஓட்டுக் கூரைகள் இருந்தன; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலைகளின் வழியே பரவிய சீமை ஓடு பின்னர் இங்கும் வந்து சேர்ந்தது. நான்கு பக்கமும் சரியும் கூரை, இரண்டு பக்கம் மட்டும் சரிந்து மற்ற இரு பக்கங்களில் முக்கோணச் சுவர் கொண்ட கூரையைவிடக் காற்றை நன்கு தாங்கும் என்பது உலகெங்கும் புயலுக்குப் பின் நடந்த ஆய்வுகளில் தெரிந்த செய்தி. அந்த வகையில் பழைய வீடுகளின் வடிவம் இந்தக் காற்றுக்கு ஏற்றதாகவே அமைந்திருக்கிறது. ஓட்டுக்கு எடை உண்டு, ஓடுகளுக்கிடையே உள்ள இடுக்கு அழுத்தத்தைச் சிறிது சமன்செய்யும். ஆனால் ஓரத்து ஓடுகளும் முகட்டு ஓடுகளும் எழும்பத் தொடங்கினால் அடுத்தடுத்த வரிசைகள் பிடிப்பை இழக்கும். சீமை ஓட்டின் பின்புறத்தில் ரீப்பர் எனப்படும் குறுக்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் மூக்கும், கம்பி கோக்கத் துளையும் இருப்பதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. ஓரத்தில் இரண்டு வரிசை, முகட்டை ஒட்டி இரண்டு வரிசை ஆகியவற்றையாவது துருப்பிடிக்காத கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுவதும், முகட்டையும் ஓரங்களையும் சிமெண்டுக் கலவை கொண்டு பட்டையாகப் பூசிப் பிடிப்பதும், கூரையின் நடுப்பரப்பில் நான்கைந்து அடிக்கு ஒன்றாக அத்தகைய பட்டைகளை இடுவதும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தாழ்ந்த உயரக் கட்டடங்களின் புயல் தாங்குதிறனுக்கென 2004இல் வெளியிட்ட ஐ.எஸ். 15498 வழிகாட்டியின் நோக்கத்தோடு ஒத்த முறைகளாகும்.

இன்று படுகையில் பரவலாகியிருப்பவை தகரமும் கல்நார் சீட்டும். இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு பெருந்துயரமும் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தபிறகு, பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. கீற்றின் மீதான அச்சம் வீடுகளிலும் வளர்ந்தது. தீயிலிருந்து காப்பாற்றும் கூரை, காற்றில் கத்தியாக மாறக்கூடும் என்பதை அப்போது போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அவிழ்ந்த தகரம் பக்கத்து வீட்டுச் சுவரையும் தெருவில் ஓடுபவரையும் வெட்டும். கல்நார் சீட்டு உடைந்து துண்டுகளாக உள்ளே விழும்.

சீட்டுக் கூரையின் வலு முழுவதும் அதன் போல்ட்டில் அடங்கியிருக்கிறது. வழக்கமாகப் போடப்படும் கொக்கி போல்ட் ஒரு முனை மட்டும் வளைந்து இரும்புக் குழாயையோ சட்டத்தையோ பற்றியிருப்பதால், மேலே இழுக்கும் விசை மிகும்போது அந்த வளைவு நிமிர்ந்து விலகிவிடுகிறது; சட்டத்தை இருபுறமும் சுற்றிவந்து இரண்டு மரைகளால் இறுக்கப்படும் வளைய போல்ட்டில் அவ்வாறு நிகழ்வதில்லை. சீட்டின் அலைவடிவத்தில் துளை மேட்டில்தான் இருக்க வேண்டும், பள்ளத்தில் இருந்தால் மழைநீர் அதன் வழியே இறங்கும். துளைக்கும் மரைக்கும் இடையே அகலமான இரும்பு வாசரும் அதன் கீழ் தார் அல்லது ரப்பர் வாசரும் இருந்தால்தான் மெல்லிய தகரம் போல்ட்டைச் சுற்றிக் கிழிந்து, போல்ட் சட்டத்திலேயே இருக்கத் தகரம் மட்டும் பறப்பது தடுக்கப்படும். கூரையின் நடுப்பகுதியில் இரண்டு மூன்று மேடுகளுக்கு ஒரு போல்ட் போதும் என்றாலும், நான்கு ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்று தேவை. பழைய கூரைக்கு இவ்வாறு கூடுதல் போல்ட் போடுவது ஒரு கொத்தனாரும் உதவியாளும் ஒரே நாளில் முடிக்கக்கூடிய வேலை. கல்நார் சீட்டை உலர்ந்த நிலையில் துளையிட்டால் எழும் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிப்பது என்பதால், நீர் தெளித்து ஈரமாக்கியபிறகு, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு வேலை செய்ய வேண்டும். சீட்டின் மேல் நேராகக் கால்வைக்காமல், கீழே சட்டம் இருக்கும் இடத்தைப் பார்த்துக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். பழைய சீட்டு எச்சரிக்கையின்றி உடைந்து ஆள் கீழே விழும் விபத்துகள் புயலுக்கு முன்னும் பின்னும் அவசரமாகக் கூரை ஏறும்போதே நேர்கின்றன.

போல்ட் சரியாக இருந்தாலும் கைமரம் சுவரின் மீது வெறுமனே உட்கார்ந்திருந்தால் முழுச் சட்டகமும் ஒன்றாக எழும்பிவிடும். கைமரத்தின் தலைப்பை இருபக்கமும் அணைத்து வரும் இரும்புப் பட்டையைச் சுவருக்குள் ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்கிக் காங்கிரீட்டில் புதைப்பதும், அந்தப் பட்டை மேல் வரிசைச் செங்கல்லோடு சேர்ந்து பிடுங்கிக்கொள்ளாமல் சுவரின் உச்சியில் கம்பியிட்ட ஒரு காங்கிரீட் வளையம் சுற்றிவர அமைப்பதும் இதற்கான வழிகள். 1992 ஆகஸ்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பின், செல்வம் மிகுந்த அந்த நாட்டின் புதிய வீடுகளிலேயே கூரைப் பலகைகளைப் பிடிக்கும் ஆணிகள் போதாமலும், கைமரத்தில் படாமல் தவறியும் அடிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்த மாநிலம் கட்டட விதிகளை முழுதும் மாற்றி, 2002 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே விதித்தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூரையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டையும் ஆணிகளுக்கிடையிலான தூரமும் அதில் ஆய்வாளர் பார்த்துச் சரிகாணும் செய்திகளாயின. இந்தியாவிலும் விதி இல்லாமல் இல்லை. 2015இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 875, கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கிலோமீட்டர் வரை உள்ள நிலப்பட்டையைப் புயல் பகுதியாகக் கொண்டு, புகலிடம், மருத்துவமனை போன்றவற்றுக்குக் காற்றின் வேகத்தை 30 விழுக்காடு கூட்டிக் கணக்கிடச் சொல்கிறது. பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் மன்னார்குடியும் இந்தப் பட்டைக்குள் அடங்குகின்றன. சாதாரண வீட்டுக்கு அந்தக் கூடுதல் கணக்கு கிடையாது என்பதோடு, படுகையின் பெரும்பாலான ஓட்டு வீடுகளும் சீட்டு வீடுகளும் பொறியாளரின் கணக்கு எதுவுமின்றிக் கொத்தனாரின் அனுபவத்தால் மட்டும் எழுபவை. ஆகையால் விதித்தொகுப்பில் உள்ள அறிவு கொத்தனாரின் கைக்குச் சேரும்வரை அது வெறும் அச்சிட்ட தாளாகவே இருக்கும்.

காங்கிரீட் தளம் போட்ட வீடு, படுகை வழக்கில் தார்சு வீடு, காற்றில் பறக்காது. நான்கு அங்குலக் கனமுள்ள தளம் சதுர மீட்டருக்கு 250 கிலோ எடை கொண்டது. அதன் எதிரி தண்ணீர். நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை பெய்தது. தளத்தின் நீர்ப்போக்கி தென்னை ஓலையாலோ சருகாலோ அடைபட்டிருந்து, நான்கு அங்குல நீர் மட்டும் தேங்கினாலும் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கூடுதலாக 100 கிலோ ஏறிவிடும். மேல்தளத்து விரிசலை அடைப்பது, நீர்ப்போக்கியைச் சுத்தம்செய்வது, துருப்பிடித்துக் காரை உதிரும் சன்னல் மேல்தட்டைச் சரிசெய்வது ஆகியவற்றோடு, தார்சுக்கு முன்னால் இறக்கிய சீட்டுச் சாய்ப்பை மறவாமல் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அடுப்படியும் மாட்டுக்கொட்டிலும் அந்தச் சாய்ப்பின் கீழ்தான் இருக்கின்றன. தமிழக அரசு 2030க்குள் குடிசையில்லா மாநிலம் என்ற இலக்கோடு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தின் 360 சதுர அடி வீட்டிலும், 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் கட்டாயமாக, எஞ்சிய 60 சதுர அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரையும் அனுமதிக்கப்படுகிறது. அந்த 60 சதுர அடியின் போல்ட்டும் பட்டையும் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதைத் திட்ட வரைபடத்திலேயே காட்டிவிடுவது கடலோர மாவட்டங்களுக்கேனும் மிகவும் தேவையான ஒன்று.

கூரை வேலைக்கு உரிய காலம் எது என்பதைப் படுகையில் வேளாண்மையே தீர்மானிக்கிறது. மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12 அன்று திறக்கப்பட்டால், அன்றுமுதல் குறுவை நடவு, அதன் அறுவடை, தாளடி நடவு, சம்பாவுக்குக் களையெடுப்பு என்று வயலில் வேலை தொடர்ந்து, புரட்டாசி, ஐப்பசியில் கூரை வேயும் ஆளும் கொத்தனாரும் கிடைப்பதில்லை. கையில் பணமும் இருப்பதில்லை. சம்பா விளைந்து காசாவது தை, மாசியில். எனவே சம்பா அறுவடை முடிந்து, மண் இறுகி, ஆள் கிடைத்து, கையில் கூலிப்பணமும் இருக்கும் பங்குனியிலிருந்து வைகாசி வரையிலான காலமே கால் புதைப்பதற்கும் பட்டை போடுவதற்கும் உரியது. புரட்டாசியில் முடிச்சுகளையும் மரைகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது மட்டும் மீதமிருக்க வேண்டும். அக்டோபரில் தொடங்கும் அரசின் முன்னெச்சரிக்கைக் கூட்டங்கள் கூரையைப் பொறுத்தவரை காலங்கடந்தவை.

இவ்வளவு எளிய வேலைகளும் பல வீடுகளில் செய்யப்படாமல் இருப்பதற்கு அறியாமை மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. பண்ணையாட்களாக இருந்த நிலமற்ற உழவுத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக மிராசுதாரரின் மனைக்கட்டில்தான் குடியிருந்தனர். எந்த நாளும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில், பிரித்து எடுத்துச் செல்லக்கூடிய கூரைக்கு மேல் எதையும் அவர்கள் கட்ட இயலவில்லை. குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு அந்த மனையின் உரிமையை வழங்கிய 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இந்நிலையை மாற்றியது. எனினும் ஆற்றங்கரையிலும் வாய்க்கால் படுகையிலும் புறம்போக்கிலும் பட்டா இல்லாமல் இருப்போர் இன்றும் உள்ளனர். பட்டா இல்லாத மனைக்குத் தொகுப்பு வீடும் கிடைப்பதில்லை, சொந்தப் பணத்தை மண்ணில் புதைக்கவும் மனம் துணிவதில்லை. புயலைத் தாங்கும் கூரையின் முதல் கண்ணி பட்டா என்றே சொல்லலாம்.

கஜாவுக்குப் பின் முழுதும் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும், பகுதி சேதமடைந்த குடிசைக்கு 4,100 ரூபாயும் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. கூரை போனபின் கொடுக்கப்படும் இந்தத் தொகையில் ஒரு பகுதியேனும் கோடையில் போல்ட்டாகவும் பட்டையாகவும் கயிறாகவும் கொடுக்கப்பட்டிருந்தால் எத்தனை கூரைகள் நின்றிருக்கும் என்பது அரசு தீவிரமாக எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி. கஜா இன்னொன்றையும் காட்டியது. 1934இல் மேட்டூர் அணையோடு பாசனம் பெற்ற கல்லணைக் கால்வாய்ப் பகுதியான ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன; வீட்டின் மேல் விழுந்ததும் தென்னை, வீட்டுக்குக் கீற்றும் கயிறும் கொடுத்ததும் தென்னை என்பதால், கூரை இழந்தவர்கள் மறுபடி வேய்வதற்குக் கீற்று இல்லாமல் அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்த தார்ப்பாயின் கீழ் வாரக்கணக்கில் இருந்தனர். ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில், உலர்ந்த தரையில், முடைந்த கீற்றையும் கயிற்றையும் தார்ப்பாயையும் ஐப்பசிக்கு முன்பே சேர்த்துவைப்பது ஊராட்சி செய்யத்தக்க சிறிய காரியம்.

புயல் சின்னம் வலுப்பெற்றுவிட்டது என்ற அறிவிப்புக்கும் அது கரையேறுவதற்கும் இடையே பொதுவாக இரண்டு மூன்று நாள் கிடைக்கிறது. அந்த நாட்களில் புதிய கூரை வேலையைத் தொடங்குவது வீண். வீட்டை ஒட்டிய தென்னையில் காய்ந்த மட்டையையும் பாளையையும் முற்றிய காயையும் ஆளைவிட்டு வெட்டி இறக்குவது, கூரைமேல் ஏற்றிவைத்த கல்லையும் டயரையும் கீழே எடுத்துவிடுவது, மொட்டைமாடித் தொட்டியை முழுக்க நீர் நிரப்பிக் கனமாக்குவது, டிஷ் ஆண்டெனாவையும் விளம்பரத் தட்டியையும் கழற்றுவது, கதவு சன்னல்களுக்கு உள்ளிருந்து குறுக்குக் கட்டை கொடுப்பது, பத்திரங்களையும் விதைநெல்லையும் பிளாஸ்டிக் உறையிட்டுக் கட்டுவது ஆகியவற்றுக்கே அந்த நேரம் சரியாக இருக்கும். கீற்று வீட்டிலும் பழைய சீட்டு வீட்டிலும் இருப்பவர்கள், எத்தனை நன்றாகக் கட்டியிருந்தாலும், புயல் கரையேறும் இரவை அங்கே கழிக்கக் கூடாது. மின்சாரம் நிற்பதற்கும் மரங்கள் சாலையில் விழுவதற்கும் முன்பாக, பகல் வெளிச்சம் இருக்கும்போதே, முதியவர்களையும் குழந்தைகளையும் முதலில் கூட்டிக்கொண்டு பள்ளிக்கோ புகலிடத்துக்கோ போய்விட வேண்டும், மாடுகளை மூடிய கொட்டிலில் கட்டிவைக்காமல் மேட்டுத் திடலில் அவிழ்த்துவிட வேண்டும்.